ஒரே நாள், பல போர்முனைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய, இரண்டாம் உலகப் போரில் 1941 டிசம்பர் 7, 8 என்று இரு தேதிகளில் குறிக்கப்படும் அந்த ஒரே நாளைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கிக்கொண்டு பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: பேர்ல் ஹார்பர் தாக்குதல் டிசம்பர் 7 என்று ஒரு நூலிலும், 8 என்று இன்னொரு நூலிலும் படித்தேன். எது சரி? அதற்கும் முன்னால் மலாயாவில்தான் சண்டை தொடங்கியது என்கிறார்களே, உண்மையா?

பதில்: இரண்டு தேதிகளும் சரியானவையே. ஹவாய் தீவுகள் சர்வதேசத் தேதிக்கோட்டுக்குக் கிழக்கேயும், ஜப்பான், மலாயா, பிலிப்பைன்ஸ், ஹாங்காங் ஆகியவை அதற்கு மேற்கேயும் இருப்பதால், ஹவாயில் ஞாயிற்றுக்கிழமை காலை விடிந்தபோது மற்ற இடங்களில் திங்கட்கிழமை பிறந்துவிட்டது. இந்தக் குழப்பத்தில் சிக்காமலிருக்க ஜப்பானியக் கடற்படை, தன் கப்பல்கள் எந்தக் கடலில் இருந்தாலும், டோக்கியோ நேரத்தையே கடைப்பிடித்தது. அதனால்தான் ஜப்பானிய ஆவணங்கள் எல்லாவற்றிலும் அந்த நாள் டிசம்பர் 8 ஆகவே பதிவாகியிருக்கிறது. டிசம்பர் 2 அன்று தாக்குதல் கப்பல்களுக்கு வானொலியில் அனுப்பப்பட்ட 'நீத்தாகா மலையில் ஏறுக, 1208' என்ற சங்கேத ஆணையில் உள்ள எண்ணும் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் தேதியையே குறித்தது.

மலாயா முந்தியது என்பதும் உண்மை. அன்று பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த அந்நாட்டின் வடகிழக்குக் கரையில் உள்ள கோத்தா பாருவுக்கு எதிரே நங்கூரமிட்ட ஜப்பானியத் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாக வந்த போர்க்கப்பல்கள், உள்ளூர் நேரப்படி நள்ளிரவு கடந்து ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கரையை நோக்கிச் சுடத் தொடங்கின. அப்போது டோக்கியோவில் அதிகாலை 2 மணி, வாஷிங்டனில் ஞாயிறு நண்பகல், ஹவாயில் ஞாயிறு காலை 6.30. பேர்ல் ஹார்பரின் மேல் முதல் விமானங்கள் பாய்ந்தபோது ஹவாயில் காலை 7.50 அளவில் இருக்கும். ஆக, மலாயா ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்திக்கொண்டது. இடைப்பட்ட நேரத்தில், சுமார் 6.45 மணிக்கு, பேர்ல் ஹார்பர் வாயிலில் வார்ட் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் ஒரு ஜப்பானியக் குறுநீர்மூழ்கியைச் சுட்டு மூழ்கடித்திருந்தது.

இந்த நேரங்களைத் தாமே கணக்கிட்டுப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு சொல்: அன்று ஹவாய் கிரீன்விச் நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியும், மலாயா ஏழரை மணி நேரம் முந்தியும் இருந்தன. இன்று ஹவாய் பத்து மணி நேரம் பின்தங்கியும் மலேசியா எட்டு மணி நேரம் முந்தியும் இருக்கின்றன. இன்றைய கடிகாரத்தை வைத்து அன்றைய போரைக் கணக்கிட்டால் ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் பிசகிவிடும். சில கட்டுரைகளில் காணும் முரண்பாடுகளுக்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது.

கேள்வி: பத்தாயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள கடலில், ஒரே நாளில் இத்தனை இடங்களை ஜப்பான் தாக்க வேண்டிய தேவை என்ன? ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கலாமே?

பதில்: தேவை எண்ணெய். ஜப்பான் தன் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடமிருந்து வாங்கிவந்தது. 1941 ஜூலையில் அதன் படைகள் தெற்கு இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும், அமெரிக்கா ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது; ஆகஸ்டில் எண்ணெய் வரத்து நின்றது. கையிருப்பு கரைவதற்குள் சுமத்ரா, போர்னியோ ஆகிய இடங்களிலுள்ள டச்சு எண்ணெய் வயல்களைப் பிடித்தாக வேண்டும் என்று டோக்கியோ முடிவு செய்தது. ஆனால் அந்த வயல்களுக்குச் செல்லும் கடல்வழியின் ஒரு பக்கம் அமெரிக்கப் பிலிப்பைன்ஸும், மறுபக்கம் பிரிட்டிஷ் சிங்கப்பூரும் நின்றன. பின்னால் ஹவாயில் அமெரிக்கக் கப்பற்படை இருந்தது. இவற்றில் ஒன்றைத் தாக்கினால் மற்றவை விழித்துக்கொள்ளும். எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் தாக்குவதே வழி என்று கருதினார்கள். இவ்வளவு பெரிய தெற்குப் படையெடுப்புக்கு ஜப்பானியத் தரைப்படை ஒதுக்கியது 11 டிவிஷன்கள் (ஒவ்வொன்றும் பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பெரும்படைப் பிரிவு) மட்டுமே. மிச்சமிருந்த பெரும்பகுதி சீனாவிலும் மஞ்சூரியாவிலும் கட்டுண்டு கிடந்தது.

திட்டம் எல்லா இடத்திலும் திட்டப்படி நடந்துவிடவில்லை. பிலிப்பைன்ஸைத் தாக்க வேண்டிய கடற்படை விமானங்கள், அன்று ஜப்பான் வசமிருந்த தைவானில் இருந்தன. விடியும் நேரத்தில் மணிலாவுக்கு அருகிலுள்ள விமானத்தளங்களின் மேல் இருக்க வேண்டிய அவை, தைவானை மூடிய மூடுபனியால் பல மணி நேரம் தரையிலேயே முடங்கின. ஹவாய்ச் செய்தி இதற்குள் மணிலாவுக்குப் போயிருக்கும், எந்த நேரமும் அமெரிக்க விமானங்கள் வந்து தங்களையே தாக்கும் என்று ஜப்பானிய விமானிகள் அஞ்சியபடி காத்திருந்தார்கள். வந்து தாக்கியிருக்க வேண்டியவர்கள் வரவில்லை. தைவான் மீது குண்டுவீச அனுமதி கேட்ட அமெரிக்க விமானப்படைத் தளபதி பிரெரட்டனுக்குக் காலையில் பல மணி நேரம் அந்த அனுமதி கிடைக்கவில்லை. இதில் தவறு யாருடையது, பிலிப்பைன்ஸிலிருந்த அமெரிக்கத் தளபதி மெக்கார்தருடையதா, அவருடைய அலுவலகத் தலைவருடையதா, பிரெரட்டனுடையதா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. காலையில் பாதுகாப்புக்காக வானில் ஏற்றப்பட்ட அமெரிக்க விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கியிருந்த மதிய வேளையில், ஏறத்தாழ 12.30 மணிக்கு, ஜப்பானியர் கிளார்க் தளத்தின் மேல் வந்தார்கள். ஹவாயில் குண்டு விழுந்து சுமார் பத்து மணி நேரம் கழித்தும் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் வரிசையாகத் தரையில் நின்றன. ஹவாயில் நேர்ந்ததை எதிர்பாராத அடி என்று ஏற்றுக்கொள்ளலாம். கிளார்க் தளத்தில் நேர்ந்ததற்கு அந்தச் சாக்கு செல்லாது.

கேள்வி: கோத்தா பாரு கடற்கரையில் அந்த இரவு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: அந்தக் கரையைக் காத்தவர்கள் 17ஆம் டோக்ரா ரெஜிமென்ட்டின் மூன்றாம் பட்டாலியனைச் சேர்ந்த இந்திய வீரர்கள். சுமார் 16 கிலோமீட்டர் நீளக் கரையை, சில நூறு வீரர்கள் கொண்ட ஒரே பட்டாலியன் காக்க வேண்டியிருந்தது. மணலில் முள்கம்பியும் கண்ணிவெடிகளும் இருந்தன. இடைவெளிவிட்டு இயந்திரத் துப்பாக்கிகளுடன் சிமென்ட்டுக் காவலரண்கள் இருந்தன. பருவக்காற்றில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால், கப்பலிலிருந்து படகுகளில் இறங்குவதே ஜப்பானியருக்குப் பெரும்பாடாயிற்று. சில படகுகள் கவிழ்ந்தன. கரையேறியவர்கள் முள்கம்பிக்கு இப்பால் வர முடியாமல், காவலரண்களின் துப்பாக்கிச் சூட்டில், கைகளாலேயே மணலைத் தோண்டிப் பதுங்கினார்கள். சபாக், பாடாங் என்ற இரு கரைகளுக்கும் நடுவிலிருந்த காவலரண்கள் கைகலப்புச் சண்டையில் விழுந்தபோது, அவற்றிலிருந்த டோக்ராக்களில் ஏறத்தாழ யாருமே மிஞ்சவில்லை.

பக்கத்து விமானத்தளத்திலிருந்து ஆஸ்திரேலிய ஹட்சன் விமானங்கள் பின்னிரவு 2 மணியளவில் கிளம்பி, தாழப் பறந்து கப்பல்களைத் தாக்கின. துருப்புக் கப்பல்கள் மூன்றில் ஒன்றான அவாஜிசான் மாரு தீப்பற்றி எரிந்து கைவிடப்பட்டது. அந்த நாள் முழுவதிலும் ஜப்பானியத் தரையிறக்கங்களில் இவ்வளவு கடுமையான எதிர்ப்பு வேறெங்கும் எழவில்லை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் பிற்பகலில், ஜப்பானியர் விமானத்தளத்தின் எல்லைக்கே வந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவ, தளத்தில் இருந்தவர்கள் அவசர அவசரமாக வெளியேறினார்கள். ஓடுபாதை உடைக்கப்படவில்லை; பெட்ரோலும் குண்டுகளும் அப்படியே கிடந்தன. கரையில் நின்றவர்கள் இரவு முழுதும் உயிரைக் கொடுத்துக் காத்ததே அந்தத் தளத்தைத்தான் என்பதை நினைத்தால், அந்த நாளின் மிகக் கசப்பான நிகழ்ச்சிகளில் இதையும் ஒன்றாக வைக்கத் தோன்றுகிறது.

ஜப்பானியரின் பெரும்படை கோத்தா பாருவுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது தாய்லாந்தின் சிங்கோரா, பட்டானி துறைமுகங்களில் இறங்கியது. தாய்லாந்து சில மணி நேரம் எதிர்த்துவிட்டுப் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டது. சிங்கோராவை முந்திப் பிடிப்பதற்கென்றே பிரிட்டிஷாரிடம் 'மட்டடோர்' என்ற திட்டம் இருந்தது. ஜப்பானியக் கப்பல் வரிசையை டிசம்பர் 6 அன்றே விமானங்கள் பார்த்துவிட்ட போதிலும், தாய்லாந்தின் நடுநிலையை முதலில் மீறியவர் என்ற பெயர் வருமே என்ற தயக்கத்தில், ஆணை பிறப்பிக்கப்படவே இல்லை.

கேள்வி: அன்று இந்தியப் படையினர் வேறு எந்தெந்த முனைகளில் இருந்தார்கள்?

பதில்: கோத்தா பாருவைத் தவிர, மலாயாவின் வடமேற்கில் 11ஆம் இந்திய டிவிஷன் ஜித்ராவில் இருந்தது. மட்டடோர் நடக்கும் என்று எதிர்பார்த்து மழையில் காத்திருந்த அந்த வீரர்களை, பிற்பகலில், அரைகுறையாகத் தோண்டப்பட்டு நீர் நிறைந்த பதுங்குகுழிகளுக்குத் திருப்பியனுப்பினார்கள். அங்கிருந்த 14ஆம் பஞ்சாப் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங், சில நாள்களில் ஜப்பானியரிடம் அகப்பட்டு, பின்னர் இந்திய தேசிய ராணுவத்தின் முதல் தலைவரானார். ஹாங்காங்கின் சீன எல்லையில் 14ஆம் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாலியன் பாலங்களையும் பாதைகளையும் தகர்த்துக்கொண்டே பின்வாங்கியது. காலை 8 மணியளவில் கைதாக் விமானத்தளத்தில் குண்டு விழுந்து, ஹாங்காங்கிலிருந்த சொற்ப விமானங்களும் பெரும்பாலும் அழிந்துபோயின.

லிபியாவின் பாலைவனத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. நவம்பர் 18 அன்று தொடங்கிய 'குரூசேடர்' என்ற பிரிட்டிஷ் தாக்குதலில் 4ஆம் இந்திய டிவிஷனும் பங்கெடுத்திருந்தது. எரிபொருளும் டாங்கிகளும் தீர்ந்துகொண்டிருந்த ஜெர்மானியத் தளபதி ரோமெல், டிசம்பர் 7 அன்று கசாலா நிலைகளுக்குப் பின்வாங்கத் தொடங்கினார். பிரிட்டிஷ் தரப்பின் கையிலிருந்த தோப்ருக் துறைமுகத்தின் மீது ஏப்ரல் மாதத்திலிருந்து நீடித்த முற்றுகை 241 நாள்களுக்குப் பிறகு முடிவுக்கு வந்தது. பிரிட்டிஷ் பேரரசுக்கு அந்த ஆண்டில் கிடைத்த பெரிய வெற்றிச் செய்திகளில் ஒன்று, ஹவாய்ச் செய்திக்கு அடியில் புதைந்து, பத்திரிகைகளில் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. மலாயாவுக்கும் பர்மாவுக்கும் துருப்புகளைத் திருப்பியனுப்ப வேண்டியதாகி, மேற்குப் பாலைவனப் படை மெலிந்தது. அடுத்த ஜனவரியிலேயே ரோமெல் திரும்பி வந்தார். ஒரு முனை இன்னொரு முனையை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் வேண்டியதில்லை.

கேள்வி: ஹவாய் தாக்கப்படும் என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு முன்பே தெரியும், தெரிந்தே விட்டுவிட்டார் என்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: அதற்குச் சான்று இல்லை. ஜப்பான் போருக்கு வரும் என்பது தெரியும். நவம்பர் 27 அன்றே பசிபிக் தளபதிகளுக்குப் போர் எச்சரிக்கை அனுப்பப்பட்டது. ஆனால் அடி தென்கிழக்கு ஆசியாவில் விழும் என்றே வாஷிங்டன் எதிர்பார்த்தது. அங்கே விழவும் செய்தது. ஹவாயிலும் விழும் என்பதைத்தான் எதிர்பார்க்கவில்லை. தாக்குதல் நடந்த பிறகு, முன்கூட்டிக் கிடைத்த தகவல்களில் பொருத்தமானவற்றை மட்டும் பொறுக்கி வரிசைப்படுத்தினால், எல்லாமே கண்ணுக்கெதிரே இருந்தது போலத் தெரியும். அன்றைக்கு அவை ஆயிரம் தகவல்களில் கலந்து கிடந்தன.

நடந்தது அலட்சியமும் தாமதமும்தான். ஹவாயின் ஓப்பனாவில் இருந்த ரேடார் நிலையம் காலை 7.02 மணிக்கே பெரியதொரு விமானக் கூட்டத்தைக் கண்டு தகவல் சொன்னது. கலிபோர்னியாவிலிருந்து வரவேண்டிய சொந்த விமானங்களாக இருக்கும் என்று பணியிலிருந்த அதிகாரி கவலைப்படவில்லை. ராணுவத் தலைமைத் தளபதி மார்ஷல் கடைசி நேரத்தில் அனுப்பிய எச்சரிக்கை, ராணுவ வானொலித் தொடர்பு அன்று சரியில்லாததால், பொதுமக்கள் பயன்படுத்தும் தந்தி நிறுவனம் வழியாகப் போயிற்று. ஹொனலூலுவில் அந்தத் தந்தி, ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த ஓர் இளைஞரின் பையில், குண்டுவீச்சுக்கும் சாலைத் தடைகளுக்கும் நடுவே மோட்டார் சைக்கிளில் பயணம் செய்தது. அது உரிய இடம் போய்ச் சேர்ந்தபோது தாக்குதல் முடிந்துவிட்டது.

ஜப்பானியர் பக்கமும் இதே கதைதான். பேச்சுவார்த்தை முறிந்ததை அறிவிக்கும் கடிதத்தைப் பிற்பகல் 1 மணிக்குக் கொடுக்க வேண்டும் என்பது தூதரகத்துக்கு வந்த ஆணை. ரகசியம் கருதித் தட்டச்சர்களை விலக்கிவிட்டு, பழக்கமில்லாத ஓர் அதிகாரியே அதைத் தட்டச்சு செய்ததால், தூதர்கள் நொமுராவும் குருசுவும் வெளியுறவுச் செயலர் ஹல்லின் அறைக்குள் நுழைந்தபோது மணி 2.20. கடிதத்தின் உள்ளடக்கத்தை, சங்கேத மொழியை உடைத்து, ஹல் அதற்கு முன்பே படித்திருந்தார்.

ஹவாயில் இறந்த அமெரிக்கர்கள் 2,403 பேர். அவர்களில் 1,177 பேர் அரிசோனா என்ற ஒரே கப்பலில் இறந்தவர்கள். ஜப்பானியர் இழந்த விமானங்கள் 29. எண்ணெய்க் கிடங்குகளும் கப்பல் பழுதுபார்க்கும் துறைகளும் தப்பின; விமானந்தாங்கிக் கப்பல்கள் எதுவும் அன்று துறைமுகத்தில் இல்லை.

கேள்வி: அதே நாளில் ரஷ்யாவில் என்ன நடந்துகொண்டிருந்தது?

பதில்: எங்கள் பார்வையில் அந்த நாளின் மையமே இதுதான், ஆனாலும் இதைக் கேட்டவர் ஒரே ஒரு வாசகர்.

மாஸ்கோவைப் பிடிக்க வந்த ஜெர்மானியப் படை, நகரத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வரை நெருங்கி நின்றுபோயிருந்தது. சோவியத் தளபதிகளில், டிசம்பர் 5 அன்று வடக்கே கொனேவின் படைகளும், 6 அன்று மாஸ்கோவுக்கு எதிரே ஜூக்கோவின் படைகளும் எதிர்த்தாக்குதலைத் தொடங்கின. ஹவாயில் குண்டு விழுந்தபோது, இந்த எதிர்த்தாக்குதல் இரண்டாம் மூன்றாம் நாளில் இருந்தது. டிசம்பர் 8 அன்று மாஸ்கோவின் வடமேற்கு விளிம்பிலிருக்கும் க்ரியூக்கவோ என்ற ரயில்நிலைய ஊரை, வீடு வீடாகப் பல நாள் சண்டையிட்ட ரொக்கசோவ்ஸ்கியின் படை மீட்டது. இந்த வெற்றிக்குப் படைபலத்தின் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை; தாக்குதல் தொடங்கியபோது சோவியத் தரப்புக்குப் பெரிய எண்ணிக்கை மேலோங்கலும் இல்லை. எதிரி களைத்து, படையின் இரு பக்கங்களும் நீண்டு, பின்னால் கையிருப்புப் படை எதுவும் இல்லாமல் நின்ற வேளையைப் பார்த்து அடித்ததுதான் காரணம்.

குளிரைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சிலர் குளிர்தான் ஜெர்மனியைத் தோற்கடித்தது என்கிற அளவுக்குப் போகிறார்கள். குளிர் இரு தரப்புக்கும் பொதுவானது. வேறுபாடு ஏற்பாட்டில் இருந்தது. ஜெர்மானிய ரயில் எஞ்சின்களில் நீர்க்குழாய்கள் கொதிகலனுக்கு வெளியே ஓடியதால், உறைபனியில் அவை வெடித்தன. இயங்கிய ரயில்களில் வெடிமருந்துக்கும் எரிபொருளுக்கும் முன்னுரிமை தரப்பட்டதால், குளிர்கால உடைகள் பின்தளத்துக் கிடங்குகளிலேயே தேங்கின. முன்னணியில் டாங்கிகளின் எஞ்சினைக் கிளப்ப அடியில் தீ மூட்ட வேண்டியிருந்தது. துப்பாக்கிகளில் பூசிய எண்ணெய் உறைந்து விசைகள் அசையவில்லை. டிசம்பர் 8 அன்று ஹிட்லர் தம் 39ஆம் ஆணையில், கிழக்கு முனையில் தாக்குதலை நிறுத்திவிட்டுத் தற்காப்புக்கு மாறும்படி எழுதினார். குறுகிய காலத்தில் ரஷ்யாவை முடித்துவிடலாம் என்ற கணக்கு பொய்த்ததை அந்த ஆணையே ஒப்புக்கொள்கிறது.

லெனின்கிராடில் அன்று மூன்றாம் மாதமாக முற்றுகை நடந்தது. நவம்பர் 20 முதல், தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் ரொட்டியும், அலுவலகப் பணியாளர், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு 125 கிராம் ரொட்டியும் என்ற பங்கீடு நடைமுறையில் இருந்தது. அந்த ரொட்டியிலும் மரக்கூழ் முதலியவை கலந்திருந்தன. உறைந்த லடோகா ஏரியின் மேல் லாரிகள் ஓடத் தொடங்கியிருந்தாலும், ஏரிக்குச் சரக்கைக் கொண்டுவரும் ரயில்பாதையின் முக்கிய நிலையமான திக்வின் ஜெர்மானியர் கையில் இருந்தது. அது டிசம்பர் 9 அன்று மீட்கப்பட்டது. ரொட்டி அளவு உயர்ந்தது டிசம்பர் 25 அன்று. நகரம் பிழைத்ததற்கும் திக்வினுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நெருங்கியது.

கேள்வி: ஷாங்காயில் அன்று ஏதோ ஒரு சிறு கப்பல் தனியாகச் சண்டையிட்டது என்று கேள்விப்பட்டேன்.

பதில்: ஹுவாங்பூ ஆற்றில் நின்ற பீட்டரெல் என்ற பிரிட்டிஷ் ஆற்றுப் பீரங்கிப்படகைத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் தலைவர் போல்கிங்ஹார்ன் நியூசிலாந்தைச் சேர்ந்தவர், வயதானவர். சரணடையச் சொல்லிப் படகுக்கு வந்த ஜப்பானிய அதிகாரிகளை அவர் திட்டி இறக்கிவிட்டார். எதிரே நின்ற ஜப்பானியப் போர்க்கப்பல்கள் சுட, படகு சிறிது நேரத்தில் மூழ்கியது. அருகே நின்ற வேக் என்ற அமெரிக்கப் படகு, தலைவர் கரையில் இருந்த வேளையில், சண்டையின்றிப் பிடிபட்டது.

கேள்வி: போர்முனைகளுக்கு வெளியே அன்று நடந்தவை பற்றியும் எழுதுங்கள்.

பதில்: இரண்டு இடங்களைக் குறிப்பிட வேண்டும். ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த போலந்தில், ஹெல்ம்னோ என்ற சிற்றூரில், டிசம்பர் 8 அன்று யூதர்களை நச்சுப்புகையால் கொல்வது தொடங்கியது. பக்கத்து ஊரான கோவோவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களை, வேறிடத்துக்கு வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லி மூடிய வண்டிகளில் ஏற்றி, அந்த வண்டிகளின் புகையையே உள்ளே செலுத்திக் கொன்றார்கள். இதற்கென்றே அமைக்கப்பட்ட கொலை முகாம்களில் முதலாவது இதுதான். இங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே நாளில், லாத்வியாவில் ரிகா நகருக்கு வெளியே ரும்புலா காட்டில், நவம்பர் 30 அன்று தொடங்கிய படுகொலையின் இரண்டாம் கட்டம் நடந்தது. இரு நாள்களிலும் சேர்த்துச் சுமார் 25,000 யூதர்கள் சுடப்பட்டார்கள். யூத மக்களின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய சிமோன் துப்னோவ், 81 வயதில், ரிகாவில் கொல்லப்பட்டதும் டிசம்பர் 8 அன்றுதான். முந்தைய நாள், ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் எதிர்ப்பவர்களைத் தடயமில்லாமல் மறையச் செய்யும் 'இரவும் மூடுபனியும்' என்ற ஆணையில் ஜெர்மானிய ராணுவ உயர்தலைமையின் தலைவர் கைட்டல் கையெழுத்திட்டிருந்தார்.

உலகப்போரின் ஒரு நாளை எழுதுகிறவர்கள் கப்பல்களையும் டிவிஷன்களையும் எண்ணிவிட்டு இவற்றை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. டிவிஷன்கள் பிடித்துவைத்த நிலத்தில்தான் இவை நடந்தன.

கேள்வி: அந்த நாளின் எந்த நிகழ்ச்சி போரின் முடிவைத் தீர்மானித்தது? ஹிட்லருக்கும் சர்ச்சிலுக்கும் செய்தி எப்படித் தெரிந்தது?

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறோம். சர்ச்சில் அன்று பிரிட்டிஷ் பிரதமரின் ஓய்வு இல்லமான செக்கர்ஸ் மாளிகையில் அமெரிக்கத் தூதர் வினன்ட்டோடும் ரூஸ்வெல்ட்டின் பிரதிநிதி ஹாரிமனோடும் உணவருந்திக்கொண்டிருந்தார். இரவு 9 மணி வானொலிச் செய்தியில்தான் ஹவாய் விஷயம் அவர் காதில் விழுந்தது. அப்போது அவருடைய சொந்தப் பேரரசின் கோத்தா பாருவில் சண்டை தொடங்கி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கிழக்குப் பிரஷ்யாவின் காட்டுக்குள்ளிருந்த தலைமையகத்தில் ஹிட்லருக்கும், அவருடைய பத்திரிகைத் தலைவர் கொண்டுவந்த வெளிநாட்டுச் செய்தியின் மூலமே தெரிந்தது. ஜப்பான் தன் கூட்டாளியிடம் நாளையும் இடத்தையும் சொல்லவில்லை.

முதல் கேள்விக்கு: மாஸ்கோவின் முன் நடந்ததே அதிகம் தீர்மானித்தது என்பது எங்கள் கருத்து. பேர்ல் ஹார்பர் அமெரிக்காவை ஜப்பானோடு போரில் இறக்கியது, ஜெர்மனியோடு இறக்கவில்லை. 1940 செப்டம்பரில் கையெழுத்தான முத்தரப்பு உடன்படிக்கைப்படி, ஜப்பான் தாக்கப்பட்டால்தான் ஜெர்மனி உதவ வேண்டும். ஜப்பானே தாக்கியதால் அந்தக் கடமை எழவில்லை. இருந்தும் டிசம்பர் 11 அன்று ஹிட்லர் தாமாகவே அமெரிக்கா மீது போரை அறிவித்தார். ரஷ்யாவில் படை பின்வாங்கிக்கொண்டிருந்த அதே வாரத்தில் உலகின் மிகப் பெரிய தொழில்வளம் கொண்ட நாட்டை வலியப் பகைத்துக்கொண்டதை விளக்க அறிஞர்கள் பல காரணங்கள் கூறுகிறார்கள். அட்லாண்டிக் கடலில் அமெரிக்காவோடு ஏற்கெனவே அறிவிக்கப்படாத போர் நடந்துவந்ததும், ஜப்பான் அமெரிக்காவைப் பசிபிக்கில் கட்டிப்போடும் என்ற நம்பிக்கையும் அவற்றில் வலுவானவை. ஹவாயும் மாஸ்கோவும் தனித்தனியாக நிகழ்ந்தவையே. இரண்டையும் ஒரே போராக்கியது இந்த அறிவிப்பு.

1937 ஜூலை முதல் ஜப்பானோடு போரிட்டுவந்த சீனா, அதுவரை முறைப்படி போரை அறிவிக்காமலே இருந்து, டிசம்பர் 9 அன்றுதான் அறிவித்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்க நாடாளுமன்றத்தில் போர் அறிவிப்பை எதிர்த்து ஒரே ஒருவர் வாக்களித்தாராம். யார் அவர்?

பதில்: மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஜெனட் ராங்கின். டிசம்பர் 8 அன்று செனட் சபையில் 82 வாக்குகள் ஆதரவாக விழுந்தன, எதிர்ப்பு இல்லை. பிரதிநிதிகள் சபையில் 388 ஆதரவு, எதிர்ப்பு அவருடைய ஒரு வாக்கு. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. 1917இல் முதல் உலகப் போரில் நுழையும் தீர்மானத்தையும் எதிர்த்திருந்தார், ஆனால் அப்போது அவரோடு வேறு பலரும் இருந்தார்கள். இம்முறை வாக்களித்து வெளியே வந்ததும் கூட்டம் சூழ்ந்துகொள்ளவே, தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து, அங்கிருந்தபடியே காவலர்களை அழைக்க வேண்டியதாயிற்று. மூன்று நாள் கழித்து ஜெர்மனி, இத்தாலி மீதான போர் அறிவிப்புக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, அவர் ஆதரவாகவும் வாக்களிக்கவில்லை, எதிர்த்தும் வாக்களிக்கவில்லை. அவையில் இருப்பதாக மட்டும் பதிவு செய்தார்.